சீப்பு சொல்லும் சேதி

தலை வாரி முடித்ததும் சீப்பை ஒரு தடவை உற்றுப் பார்க்காத பெண்மணி உண்டா? ஆண்கள் மட்டும் என்ன, லேசுப்பட்டவர்களா? கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு, நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று எல்லைத் தகராறு நடத்தாத ஆண்மகனைக் காட்டுங்கள், பார்க்கலாம்!

முடி கொட்ட ஆரம்பித்தால் வீட்டில் உடனே ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். முதல் குற்றவாளி தண்ணீர். "இந்த ஊர்த் தண்ணீர் தலையில் பட்டதிலிருந்துதான் இப்படி!" என்பார்கள். இரண்டாவது குற்றவாளி எண்ணெய். மூன்றாவது ஷாம்பு. கடைசியில் பாட்டி வந்து, "எல்லாம் திருஷ்டி!" என்று தீர்ப்பைப் படித்துவிடுவாள்.

ஆனால், இந்த விசாரணைக்கு வந்தே ஆகவேண்டிய ஆசாமி ஒருவர் இருக்கிறார். பல வீடுகளில் அவரை யாரும் கூப்பிடுவதே இல்லை. அவர்தான் திருவாளர் சர்க்கரை!

ஆமாம், நேயர்களே! நீரிழிவுக்கும் முடி கொட்டுவதற்கும் உறவு உண்டு. அதற்காக, முடி கொட்டுகிறவர்களுக்கெல்லாம் சர்க்கரை வியாதி என்று பயந்துவிட வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கெல்லாம் தலை வழுக்கையாகிவிடும் என்பதும் இல்லை. உறவு கொஞ்சம் சுற்றுவழி உறவு. அதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இரண்டு லாபம் உண்டு. தெரியாமலிருக்கிற சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். அதைவிட முக்கியம், தலைமுடியைக் காப்பாற்றப் போய் உயிருக்கு உலை வைத்துக்கொள்ளும் காரியத்தைச் செய்யாமல் இருக்கலாம்.

இது யாரோ சிலருடைய சமாசாரமும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் எடுத்த ஒரு கணக்கு 2023-ல் வெளியாயிற்று. 2021 நிலவரப்படி 10 கோடியே 10 லட்சம் இந்தியர்களுக்கு நீரிழிவு இருப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்களாம். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்குமேல் இந்த வியாதி இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் எதிரும் புதிருமாக நூறு இலை போட்டிருந்தால், அதில் பதினான்கு இலைக்காரர்கள் பாயசத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியவர்கள் என்று அர்த்தம்!

ஒரு லட்சம் குடித்தனக்காரர்கள்

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிக்கும் ஒரு வேர்க்குழி. அதை ஒரு வீடு என்றும், முடியை அதில் குடியிருப்பவர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவந்தவர் 2 வருஷம் முதல் 6 வருஷம் வரை சௌக்கியமாக இருந்து வளருகிறார். மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் நீளம். பிறகு இரண்டு மூன்று வாரம் மூட்டை கட்டுகிறார். அதற்கப்புறம் வளர்ச்சியே இல்லாமல் சுமார் மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் விழுந்துவிடுகிறார். அதே வீட்டுக்குப் புதிய குடித்தனம் வந்து சேருகிறது.

எந்தச் சமயத்தில் பார்த்தாலும் நூற்றுக்கு 85 அல்லது 90 முடிகள் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி, காலி செய்யக் காத்திருப்பவை. ஆகவே, தினம் 50 முதல் 100 முடி வரை விழுவது இயற்கை. சீப்பில் நாலு முடியைப் பார்த்துவிட்டுக் கலங்க வேண்டிய அவசியமே இல்லை.

எப்போது கலங்க வேண்டும்? ஊரில் பெருவெள்ளம் வந்தால் எல்லாக் குடும்பங்களும் ஒரே சமயத்தில் வீட்டைக் காலி செய்வதில்லையா? அது போல உடம்புக்கு ஏதாவது பெரிய அதிர்ச்சி ஏற்பட்டால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பகுதி ஒரேயடியாக வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து, கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. இந்த விதமான உதிர்வை 1961-ல் தெளிவாக விளக்கிப் பெயரும் வைத்தவர் ஆல்பர்ட் க்ளிக்மன் என்ற அமெரிக்கச் சருமநோய் நிபுணர்.

கிணறு நிறையத் தண்ணீர், வாளிக்குக் கயிறு இல்லை

சர்க்கரை இதில் எங்கே வருகிறது?

நாம் சாப்பிடும் சோறும் இட்டிலியும் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகின்றன. அந்தச் சர்க்கரை உடம்பின் உயிரணுக்களுக்குள் நுழைய இன்சுலின் என்ற சுரப்பு நீரின் உதவி வேண்டும். நீரிழிவில் ஒன்று இன்சுலின் போதாது, அல்லது இருந்தும் அது சொன்னபடி உடம்பு கேட்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிகிறது, உயிரணுக்களோ பட்டினி. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் வாளிக்குக் கயிறு இல்லாத கதை!

சர்க்கரை மிகவும் மிஞ்சிப்போனால் உடம்பு தன் கொழுப்பையும் தசையையுமே கரைத்து எரிக்க ஆரம்பிக்கிறது. எடை மளமளவென்று குறைகிறது. அந்தப் பஞ்ச காலத்தில் உடம்பு ஒரு கெட்டிக்காரக் குடும்பத் தலைவியைப் போல நடந்துகொள்கிறது. இருதயத்துக்கும் மூளைக்கும் முதல் பங்கு. அலங்காரச் செலவுகள் நிறுத்தம். முடி என்பது உடம்பின் கணக்கில் அலங்காரச் செலவுதான். அதுவும் வேரில் இருக்கும் அணுக்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகுகிறவை. அவற்றுக்குத் தீனி அதிகம் வேண்டும். பஞ்சம் என்றதும் அவைதாம் முதலில் வாடுகின்றன.

இது ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. பல வருஷம் கட்டுக்கடங்காமல் இருக்கும் சர்க்கரை, மிக நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் அது செய்யும் சேதம் எல்லோரும் அறிந்தது. சருமத்துக்குப் போகும் குழாய்களும் அதற்குத் தப்புவதில்லை. தவிர, சர்க்கரை மிகுந்த உடம்பில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தலையில் கொப்புளம், பிடரியில் கட்டி, பூஞ்சைப் படை என்று வந்து, வந்த இடத்தில் முடியையும் கெடுத்துவிட்டுப் போகும்.

2019-ல் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடையே நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி வெளியாயிற்று. நீரிழிவு உள்ள பெண்களுக்கு உச்சந்தலையில் கடுமையாக முடி இழக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்று அதில் கண்டார்கள். எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால், உச்சந்தலை அகன்றுகொண்டே வந்தால் ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்று சொல்ல இது போதும்.

தையில் கொட்டினால் ஐப்பசியை நினையுங்கள்

ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தீர்களா? இன்றைக்கு உதிர்கிற முடி இன்றைய சேதியைச் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு முந்திய சேதியைச் சொல்கிறது!

தை மாதம் முடி கொட்டினால், தைப் பொங்கலன்று மாற்றிய எண்ணெயைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஐப்பசியில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். டெங்குக் காய்ச்சல் வந்து படுத்தீர்களா? ஆபரேஷன் நடந்ததா? வீட்டில் பெரிய துக்கம் ஏதாவது? பிரசவம் ஆயிற்றா? எடை குறைய வேண்டுமென்று ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டீர்களா? இவை ஒன்றுமே இல்லை என்றால், அடிக்கடி தாகம், இரவில் நாலைந்து தடவை எழுந்து போவது, காரணமில்லாத அசதி, தானாகவே எடை குறைவது என்று ஏதாவது இருந்ததா? இருந்தால், நாளைக்கே ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விசித்திரம் என்னவென்றால், சர்க்கரைக்கும் இதே மாதிரி ஒரு மூன்று மாதக் கணக்குப் பரிசோதனை இருக்கிறது. ஏ1சி என்று டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது அதுதான். ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கின்றன. அந்த நாட்களில் அவற்றின்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டது என்று பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடுவார்கள். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் விரதம் இருந்து டாக்டரை ஏமாற்ற முடியாது!

சீப்பு ஊகமாகச் சொல்வதை ஏ1சி எண்ணாகவே எழுதிக் காட்டிவிடும். 6.5 அல்லது அதற்குமேல் என்றால் நீரிழிவு. 5.7 முதல் 6.4 வரை வாசற்படி. வெறும் வயிற்றில் பார்க்கும் ரத்தச் சர்க்கரை 126 அல்லது அதற்குமேல் என்றாலும் நீரிழிவுதான். வேறு அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்வது வழக்கம். ரத்தச் சோகை இருந்தால் ஏ1சி சில சமயம் தவறாகக் காட்டும். ஆகையால் எண்ணை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இந்த மூன்று மாதக் கணக்குத் தெரியாததால்தான் பெரிய விபரீதம் விளைகிறது. ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டு அம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆவணி மாதம் தற்செயலாக ரத்தம் பார்த்ததில் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருக்கிறது. டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். அம்மாளும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். சர்க்கரை இறங்குகிறது. ஐப்பசியில் தலைமுடி கொட்ட ஆரம்பிக்கிறது. தீபாவளி பட்சணம் கொண்டுவந்த எதிர்வீட்டுக்காரி பார்த்துவிடுகிறாள்.

"என்ன அக்கா இது! இத்தனை பெரிய கொண்டை போட்டுக்கொண்டிருப்பீர்களே, எங்கே போச்சு?"

"என்னமோடியம்மா, கொஞ்ச நாளாத்தான் இப்படி."

"சர்க்கரை மாத்திரை எப்ப ஆரம்பிச்சீங்க?"

"அது ஆச்சு, ரெண்டு ரெண்டரை மாசம்."

"அப்புறம் என்ன! மாத்திரைதான் முடியைத் தின்னுது. நிறுத்திப் பாருங்க, நின்னுடும்!"

அம்மாள் நிறுத்திவிடுகிறாள். முடி கொட்டுவதும் சில வாரத்தில் குறைகிறது. அது தானாகவே குறைய வேண்டிய நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அம்மாளுக்கோ எதிர்வீட்டுக்காரியின் வாக்கு வேதவாக்கு ஆகிவிடுகிறது. சர்க்கரை மறுபடியும் மலையேறுகிறது. வெளியே தெரிவதில்லை. மாசி மாதம் செருப்புக் கடித்த காலில் ஒரு சின்னப் புண். ஆறமாட்டேன் என்கிறது...

இந்தக் கதையை இதற்குமேல் வளர்க்க மனம் வரவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. முடி வளர்ச்சியை நிறுத்தியது மாத்திரைக்கு முன்னாலிருந்த சர்க்கரை. உதிர்ந்தது மாத்திரைக்குப் பின்னால். நடுவில் வந்த மாத்திரை அநியாயமாகப் பழி சுமக்கிறது.

மாத்திரைகள் சம்பந்தமாக நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. மெட்ஃபார்மின் என்ற மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். பால், முட்டை, மீன், மாமிசத்தில்தான் அது கிடைக்கிறது. ஆகவே சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பி12 குறைந்தால் ரத்தச் சோகை வரும், கால் மரத்துப்போகும். அதை ரத்தத்தில் பார்த்து ஈடு செய்துவிடலாம். மாத்திரையை நிறுத்துவது அதற்குப் பரிகாரம் அல்ல.

சமீப வருஷங்களில் செமாகுளுடைடு, டிர்ஸெபடைடு என்ற வாரம் ஒரு முறை போடும் ஊசிகள் பிரபலமாகியிருக்கின்றன. சர்க்கரையும் குறைகிறது, எடையும் குறைகிறது. எடை வேகமாகக் குறையும்போது சிலருக்கு முடி கொட்டுகிறது. டாக்டர் மேற்பார்வையில், போதிய புரதம் சாப்பிட்டுக்கொண்டு போட்டால் பெரும்பாலும் இது கடந்து போகும். ஊசியை யோசனை கேட்காமல் ஆரம்பிப்பதும் தவறு, யோசனை கேட்காமல் நிறுத்துவதும் தவறு.

புழுவே இல்லாத புழுவெட்டு

தலையில் எட்டணாக் காசு அகலத்துக்கு வழவழவென்று முடி போய்விடுவதைப் புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நம் உடம்பைக் காக்க வேண்டிய காவல் படை, ஆள் தெரியாமல் முடியின் வேரைத் தாக்குவதால் வருவது இது.

சிறு வயதில் வருகிற நீரிழிவு, அதாவது முதல் வகை நீரிழிவு, இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அங்கே காவல் படை தாக்குவது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்னால் இந்த வியாதி வந்த குழந்தைகள் எலும்பும் தோலுமாகி மடிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர டாக்டர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று ஊசி போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போய், பட்டம் வாங்கி, பேரன் பேத்தி எடுக்கலாம்.

இப்படி ஒரு தாக்குதல் நடந்த உடம்பில் இன்னொன்றும் நடக்க இடமுண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்குப் புழுவெட்டு வந்தால் சின்ன வெங்காயத்தைத் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். முக்கியமாக, தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும் முடி கொட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. புழுவெட்டுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பதுண்டு. மாத்திரையாகச் சாப்பிட்டால் அது ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். எந்தச் சரும டாக்டரிடம் போனாலும், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

அழுக்கு அல்ல, அம்மா!

வயதுப் பெண்கள் உள்ள வீட்டில் தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

பெண்ணின் பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி போலக் கருமை படர்ந்திருக்கிறதா? "ஒழுங்காகத் தேய்த்துக் குளிடி!" என்று பீர்க்கங்காய் நாரைக் கையில் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் அழுக்கு அல்ல. இன்சுலின் சொன்னபடி கேட்காத உடம்பு வெளியே எழுதி வைத்திருக்கும் அறிவிப்புப் பலகை. இன்சுலின் சொன்னதை உடம்பு கேட்காததால், கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்களுக்குரிய சுரப்பு நீரை அதிகமாக்குகிறது. பலன்? தலையில் இருக்க வேண்டிய முடி மெலிகிறது. முகவாயில் இருக்கக் கூடாத முடி முளைக்கிறது! முகப்பரு வருகிறது, மாதவிலக்கு தள்ளிப் போகிறது.

ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் 1935-லேயே இந்தக் கோளாற்றை விவரித்துவிட்டார்கள். சினைப்பை நீர்க்கட்டி என்று இப்போது பரவலாகச் சொல்கிறோம். இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் அதிகம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல், இப்போதே டாக்டரிடம் அழைத்துப் போனால் மாதவிலக்கும் சீராகும், சர்க்கரையும் தள்ளி நிற்கும். முடியும் ஓரளவு மீளும்.

காலிலும் ஒரு கண்

நாம் தலையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் காலையும் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழேயும் கால்விரல்களிலும் இருந்த ரோமம் உதிர்ந்து, தோல் பளபளவென்று மினுமினுத்து, பாதம் சில்லிட்டிருக்கிறதா? கொஞ்ச தூரம் நடந்தால் ஆடுசதை வலித்து, நின்றால் வலி போகிறதா? காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டுக்கொண்டிருக்கலாம். வயதானாலும் கால் ரோமம் குறைவதுண்டு. அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் வலியும் சில்லிப்பும் சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

தலையில் முடி போனால் விக் வைத்துக்கொள்ளலாம். தொப்பி போட்டுக்கொள்ளலாம். திருப்பதிக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்! கால் போனால் என்ன சொல்ல முடியும்?

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரையோடு ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, தைராய்டு, பி12 எல்லாவற்றையும் டாக்டர் சொல்கிறபடி பார்த்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தச் சோகை. நீரிழிவு உள்ள ஒரு பெண்ணின் முடி சர்க்கரையால் கொட்டுகிறதா, சோகையால் கொட்டுகிறதா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அடுத்தது சாப்பாடு. சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்துபோய், காலையில் கஞ்சி, மத்தியானம் கீரை, ராத்திரி வெறும் தண்ணீர் என்று சிலர் சந்நியாசம் வாங்கிக்கொள்கிறார்கள். முடி என்பது புரதத்தால் ஆனது. பட்டினி போட்டால் அது எதை வைத்து வளரும்? சோற்றைக் குறையுங்கள், அந்த இடத்தில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், பருப்பு, தயிர், சாப்பிடுகிறவர்கள் முட்டை, மீன் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் கட்டுக்குள் நிற்கும், வேருக்கும் உரம் கிடைக்கும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணெய்? தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் முடித்தண்டு உடையாமல் காக்கும். ஆனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தலையில் தேய்க்கும் எண்ணெயால் இறக்க முடியாது. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் பிரமை. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறதே தவிர, வேர்கள் அதே வேர்கள்தான்.

"முடிக்கு நல்லது" என்று கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரைகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளைத் தப்பாகக் காட்ட வைத்துவிடும். இருதயப் பரிசோதனை ஒன்றையும் அது குழப்பும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாகப் பொறுமை. இன்று சர்க்கரை கட்டுக்குள் வந்தால் நாளைக்கே சீப்பு காலியாக இருக்காது. மூன்று மாதம் ஆகும் உதிர்வு குறைய. ஆறு மாதம் ஆகும் கண்ணாடியில் வித்தியாசம் தெரிய. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், இரண்டடிப் பின்னல் முழுசாகத் திரும்ப ஐந்து வருஷம் பிடிக்கும். பரம்பரை வழுக்கையாக இருந்தால் சர்க்கரையைக் குறைத்தாலும் முழுவதும் வராது. அதற்கு வேறு மருந்துகள் உண்டு, சரும டாக்டர் சொல்வார். ஆனால் சர்க்கரையின் பஞ்சத்தால் உதிர்ந்த முடிக்கு வேர் பெரும்பாலும் சாவதில்லை. வீடு அப்படியே இருக்கிறது. குடித்தனக்காரர்தான் போயிருக்கிறார்.

நேயர்களே, இதைப் படித்து முடித்ததும் ஒரு சின்னக் கணக்கெடுங்கள். உங்கள் வீட்டில் முப்பது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் போன ஒரு வருஷத்துக்குள் ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? இரண்டு எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், விடுபட்டவரைப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்தில், மாத்திரையை யாராவது ரகசியமாக நிறுத்தியிருக்கிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டு வையுங்கள்.